வெயிலில் வெளுத்த தோலிருக்கை

வார இறுதி நாள்களில் பத்துமலைக்கு வருவோரின் மகிழுந்துகள் திறந்த வெளியில் வெயில் காய்ந்தபடி நிற்கும். படியேறி, வழிபாட்டை முடித்து, பசியாறித் திரும்புவதற்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள், கதவடைத்த வாகனத்தின் உட்காற்று வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறிவிடும். வெயில் நேராகப் படும் இருக்கை அதைவிடவும் கொதிக்கும். இத்தகைய சூட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கிய தோலிருக்கை வெளுத்து, விறைத்து, கோடு கோடாக வெடிப்பதில் வியப்பில்லை.

1995-ஆம் ஆண்டு அறிமுகமான புரோட்டோன் பெர்டானாவை எடுத்துக்கொள்வோம். அதன் வி6 வகை, அமைச்சர்களும் உயரதிகாரிகளும் பயணம் செய்த வாகனமாகும். பின்னாளில் பழைய வாகனச் சந்தை வழியாக அது சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. இப்படி வாங்கிய பழைய வாகனத்தின் இயந்திரம் நன்றாக ஓடினாலும் இருக்கை முகம் சுளிக்க வைக்கும். பழைய தோலைக் கிழித்தெறிந்துவிட்டுச் செயற்கைத் தோலுறை மாட்டலாம் என்றே பலர் முதலில் எண்ணுவர். பெரும்பாலும் அஃது அவசர முடிவு. வெளுத்திருப்பது தோலன்று, தோலின் மேலுள்ள சாயப்பூச்சு. அடியில் உள்ள தோல் இன்னும் உறுதியாகவே இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ளத் தோலின் இயல்பை அறிய வேண்டும். பறையடிப்போர் வாசிப்பதற்கு முன் பறையைத் தீயில் காட்டுவதுண்டு. ஈரம் நீங்கியதும் தோல் இறுகும். ஓசை கணீரென்று எழும். பறைக்கு வேண்டிய அந்த இறுக்கமே இருக்கைக்குக் கேடு. இருக்கைத் தோல் பதனிடப்பட்ட தோல். தமிழ்நாட்டில் முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் இன்றும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. மகிழுந்துத் தோலுக்குக் குரோமிய உப்புகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. பதனிடும்போதே ஒருவகைக் கொழுப்பெண்ணெயை நார்களுக்குள் ஏற்றிவிடுவர். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் தோல் வளைந்து கொடுக்கிறது. அதன் பிறகு சாயமும், அதற்குமேல் நிறமற்ற காப்புப் பூச்சும் பூசப்படும்.

வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. தடவிய அன்று இருக்கை பளபளக்கும் என்பது உண்மைதான். ஆனால், காப்புப் பூச்சு கெடாத இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. மேலேயே தங்கிப் புழுதியை ஈர்க்கும். வெடித்த இடத்தில் இறங்கினாலோ பிறகு பூசும் சாயம் அங்கே ஒட்டாது. நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும்.

எனவே, முதலில் ஒரு சொட்டு நீரை இருக்கையின்மீது விட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்தாக நின்றால் பூச்சு நலமாக உள்ளது. அழுக்கை அகற்றினாலே பழைய நிறம் தெரியக்கூடும். நீர் ஊறி அவ்விடம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும்.

அழுக்கெடுக்கத் துணி துவைக்கும் சவர்க்காரம் ஆகாது. தோல் சற்று அமிலத் தன்மை உடையது. சவர்க்காரமோ காரத் தன்மை உடையது. தோலுக்கென்றே விற்கப்படும் நுரையை மென்மையான தூரிகையில் எடுத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். நன்கு காய்ந்த பின், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைப் போக்குவர். வெடிப்பின் முனைகளை நயமான மணல்தாளால் மெல்லத் தேய்த்து, வளைந்து கொடுக்கும் நிரப்புப் பசையை மெல்லிய படலமாக இடுவர். ஒரே தடவையில் அப்பினால் உட்கார்ந்ததும் அது பிளந்துவிடும்.

சாயம் பூசுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. நிறத்தை முதலில் இருக்கையின் அடிப்பகுதியில் பூசிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தபின் வேறாகவும் தெரியும். பஞ்சினால் மெல்லியதாக ஒத்தி, காயவிட்டு, மறுபடியும் ஒத்த வேண்டும். இப்படி நான்கைந்து முறை செய்தபின் மங்கிய பளபளப்புடைய காப்புப் பூச்சைப் பூசுவர். கண்ணாடிபோல் மின்னும் இருக்கை பழைய வாகனத்திற்குப் பொருந்தாது.

எல்லா இருக்கையையும் இவ்வாறு மீட்க முடியாது. விரலால் அழுத்தும்போதே தோல் முறிந்தால் நார்களே மடிந்துவிட்டன. அப்போதும் முழு இருக்கையையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட துண்டை மட்டும் பிரித்தெடுத்துப் புதுத்தோல் வைத்துத் தைக்கலாம்.

வேலை முடிந்த இருக்கையில் உடனே அமரக்கூடாது. பூச்சு இறுகும்வரை வாகனத்தை நிழலில் நிறுத்த வேண்டும். அதன்பின் பத்துமலைக்கே சென்றாலும், முன் கண்ணாடியில் வெயில் மறைப்பை விரித்துவிட்டுப் படியேறுவது நல்லது.