மீனுக்கும் மூச்சு வேண்டும்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் சந்தாபுரா இருக்கிறது. அங்கே ஓர் ஏரி உண்டு. வீட்டுச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து அந்த ஏரி கெட்டுப்போனது. சாக்கடை கலந்தால் மீனுக்கு என்ன ஆகும்? பார்ப்போம்.

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். அதில் ஒரு சொட்டு மை விடுங்கள். கலக்க வேண்டாம். மை மெல்ல மெல்லத் தண்ணீர் முழுவதும் பரவும். எங்கே அதிகமாக இருக்கிறதோ, அங்கிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். இதற்குப் பரவல் என்று பெயர்.

நம் உடம்பிலும் பரவல் நடக்கிறது. நாம் மூச்சை இழுக்கிறோம். காற்று நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான சிறிய காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் தலைமுடியைவிட மிக மெல்லியது. பைக்குள் பிராணவாயு அதிகம். சுற்றி ஓடும் இரத்தத்தில் குறைவு. அதனால் பிராணவாயு இரத்தத்துக்குள் போகிறது. இரத்தத்தில் கரியமில வாயு அதிகம். அது பைக்குள் வந்து, மூச்சுடன் வெளியேறுகிறது.

மீனுக்கு நுரையீரல் இல்லை. செவுள் இருக்கிறது. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டுவாரே, அந்தச் சிவப்புப் பகுதிதான். தண்ணீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. அது செவுள் வழியாக மீனின் இரத்தத்துக்குப் பரவுகிறது.

ஏரியில் சாக்கடை கலந்தால் கிருமிகள் பெருகும். அவை கழிவைத் தின்னும். அப்போது நீரில் உள்ள பிராணவாயுவையும் எடுத்துக்கொள்ளும். நீரில் பிராணவாயு குறைந்தால் செவுளுக்குள் எது பரவும்? மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றைத் தொடும் நீரில் பிராணவாயு சற்று அதிகம். அதைத் தேடித்தான் வருகிறது. அதுவும் போதாவிட்டால் செத்து மிதக்கும். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் இப்படிச் செத்து மிதந்தன.

சந்தாபுரா ஏரி கெட்டதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஏரியைக் காப்பது அவ்வளவு பெரிய கடமை.

சாக்கடை நீரைச் சுத்தம் செய்த பிறகே ஏரியில் விட வேண்டும். இதை ஊர் மக்கள் ஒன்றுகூடிக் கேட்கலாம். ஏரியில் குப்பை கொட்டாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

பதில் சொல்லுங்கள்:
1. பரவல் என்றால் என்ன?
2. மீன் எதன் வழியாக மூச்சு விடுகிறது?
3. உங்கள் ஊர் ஏரியில் எந்தத் தண்ணீர் வந்து கலக்கிறது?