ஒரு நாளும் பல தேதிகளும்

முன்னுரை

பழைய ஆவணங்களைப் படிப்போர்க்கும் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் பொதுவான சிக்கல் ஒன்றுண்டு. ஒரே நாள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வடிவில் எழுதப்பட்டிருக்கும். ஒரு வடிவை மற்றொன்றாக மாற்றுங்கால் கருத்திற்கொள்ள வேண்டியவற்றை நம் வட்டார வரலாற்றின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை வீழ்ந்த நாள்

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே அமைந்த புதுச்சேரியில் வாழ்ந்து, துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவர்தம் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதங்களோடு ஐரோப்பியத் தேதியும் இடம்பெறும். அவர் காலத்தில், 1746இல், சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அந்நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. தமிழ்க் கணக்கில் அட்சய வருடம் புரட்டாசி மாதம்.

இவற்றுள் எதுவும் பிழையன்று. பிரான்சு 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டியை ஏற்றது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினர். அன்று இரண்டுக்கும் இடைவெளி 11 நாட்கள். இதனை அறியாதார், பிரெஞ்சுக் கடிதத்துக்கு ஆங்கிலேயர் எழுதிய விடை, கடிதத்துக்கு முன்னரே எழுதப்பட்டதென மயங்குவர். எனினும் கிழமை இரு கணக்கிலும் புதனே. தேதியை மாற்றியபின் கிழமை ஒத்துவருகிறதா எனப் பார்ப்பது நல்லதொரு சோதனையாகும்.

எண்ணிக்கை என்னும் பாலம்

ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களை 1449087 என எண்ணிச் சொல்கிறது. அது கி.பி. 866ஆம் ஆண்டு. மாதப் பெயரும் ஆண்டுப் பெயரும் மாறலாம். தொடக்க நாள் தெரிந்த எண்ணிக்கை மாறாது. ஆகவே ஒரு வடிவை முதலில் எண்ணிக்கையாக்கி, அதிலிருந்து மற்றொரு வடிவைப் பெறுதலே செம்மையான வழி.

கணிப்பொறியின் கணக்கு

ஒரு நிரல் மற்றொன்றிடம் இணையத்தின் வழியே செய்தி கேட்டுப் பெறும் வாயிலை ஏ.பி.ஐ. என்பர். அங்கும் இதே முறைதான். 1970 சனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி, தொடக்கமாகக் கொள்ளப்பட்டு, கடந்த விநாடிகள் எண்ணப்படுகின்றன. இக்காலத் தேதிகள் விநாடியில் 10 இலக்கமாகவும், மில்லி விநாடியில் 13 இலக்கமாகவும் வரும். அளவு இன்னதென அறியாது மாற்றினால் ஆண்டு ஐம்பதினாயிரத்தையும் தாண்டிவிடும்.

1700000000 என்னும் எண் வருகிறதென்க. உலகப் பொது நேரப்படி அது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 விநாடி. ஐந்தரை மணி கூட்டின், இந்தியாவில் நவம்பர் 15, விடியற்காலை 3 மணி 43 நிமிடம் 20 விநாடி. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இறுதி நாள் நவம்பர் 14 எனின், அந்நொடியில் விண்ணப்பித்த மாணவர் உரிய காலத்தில் விண்ணப்பித்தவரா, பிந்தியவரா? எந்நாட்டு நேரம் என்பதை முன்னரே வரையறுத்தாலன்றி நீதியான விடை கிடையாது.

ஹிஜ்ரிக் கணக்கும் இத்தகையதே. அதில் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. மஃரிபுக்குப் பின் நடந்த நிக்காஹ்வுக்கு ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்து ஹிஜ்ரித் தேதி கணித்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

முடிவுரை

தேதி எழுதுவோர் எந்நாட்காட்டி, எவ்விடத்து நேரம், எந்த அளவு என்னும் மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். நிரலில் எண்ணிக்கையைச் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுக. செப்பேட்டைப் படிக்கும் மாணவர்க்கும் நிரல் எழுதும் மாணவர்க்கும் இவ்விதி பொதுவானதாகும்.