தேதியையும் சேர்த்து எழுது

அன்புக் கண்மணிக்கு,

மண்டல ஓட்டப் போட்டியன்று பீரியட்ஸ் வந்துவிடுமோ என்று பயந்து, தள்ளிப்போக மாத்திரை போடலாமா என்று கேட்டாயாம், அம்மா சொன்னாள். தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் நீயாக வாங்கிப் போடாதே. மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்ய வேண்டியது அது.

அந்த நாளில் ஓடினால் தோல்விதான் என்றும் எண்ணாதே. 2002 சிகாகோ மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் உலக சாதனை படைத்தது மாதவிடாய் வலியோடுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவோ, அன்று தனக்கு மூன்றாம் நாள், உடம்பு தளர்ந்திருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். இது ஆளுக்கு ஆள் மாறும். உன் உடம்பு எப்படி என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டுப் போடு. 'ஜூலை 3, முதல் நாள், வலி அதிகம், தூக்கம் இல்லை, 300 மீட்டர் 44.2' என்று ஒரு வரி போதும். நாலைந்து மாதத்தில் உனக்கே பிடிபடும். பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் உடல் சூடு சற்றுக் கூடும். வெயிலில் ஓடும்போது தண்ணீரைக் குறைக்காதே. உதிரப்போக்கு அதிகமென்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதித்துக்கொள். ரத்தசோகை இருந்தால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்கும்.

முக்கியமான ஒன்று. மூன்று மாதம் தொடர்ந்து பீரியட்ஸ் வராவிட்டால், தொல்லை விட்டதென்று சந்தோஷப்படாதே. ஓடுகிற ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வலுவிழக்கும். கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தால் அந்த சீசனே போய்விடும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யார் சொன்னாலும் ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. அப்படி பீரியட்ஸ் நின்றால் உடனே மருத்துவரைப் பார்.

கோச் ஆண் என்று கூச்சப்படாதே. "சார், இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள், வலி இருக்கு, ஸ்பீடு வொர்க்கை ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கலாமா?" என்று நேராகக் கேள். முழங்கால் வலியைச் சொல்வதில்லையா, அப்படித்தான் இதுவும். அவருக்குத் தெரிந்தால்தான் உனக்கேற்ற பயிற்சியைப் போட முடியும். அவர் காது கொடுக்காவிட்டால் எனக்குச் சொல், நான் வந்து பேசுகிறேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, தைரியமாக ஓடு.

அன்புடன்,
உன் அத்தை