பழைய கணினியும் சிறிய நினைவகமும்

கிளை நூலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் உறையிட்டு மூலையில் வைக்கப்பட்டுள்ள பழைய கணினிகளை நாம் காண்கிறோம். அவற்றுட் பல பழுதடைந்தவை அல்ல. 512 மெகாபைட்டோ 1 கிகாபைட்டோ நினைவகம் கொண்ட அவை, இக்காலத்து விண்டோஸின் பாரத்தைத் தாங்க இயலாமல் ஓய்ந்திருக்கின்றன, அவ்வளவே. விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸோ, விலையின்றிக் கிடைப்பதுடன், வேண்டாத பகுதிகளை விலக்கிப் பொருத்திக்கொள்ளவும் இடந்தருகிறது.

எனினும், லினக்ஸ் என்ற பெயருள்ள யாவும் இலேசானவை என்று எண்ணிவிடலாகாது. நினைவகத்தைப் பெரிதும் உண்பவை திரையை அழகுபடுத்தும் மேசைச்சூழலும் இணைய உலாவியுமே. க்னோம் போன்ற சூழல் 1 கிகாபைட்டைத் திணறடித்துவிடும். ஐஸ்டபிள்யூஎம் என்னும் சிறிய சாளர மேலாளருடன் வரும் ஆன்டிஎக்ஸ் 23 பொதுவாக 200 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 இரு வகைக்கும் கிடைக்கிறது.

பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, திரை, விசைப்பலகை, வலையிணைப்பு யாவும் சரியாயிருந்தால் மட்டுமே வன்வட்டில் நிறுவுதல் வேண்டும். இங்கே நம் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நூலகக் கணினியில், அவசரத்தில், முழு வட்டையும் பயன்படுத்துமாறு கட்டளை கொடுத்துவிட்டோம். நூலகர் நான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்திருந்த நூற்பட்டியல் அழிந்தது. அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. மறுநாள் பழைய கையெழுத்துப் பேரேட்டை விரித்து முதல் எண்ணிலிருந்து தொடங்கினார். அன்று முதல், கோப்புகளை வேறொரு வட்டில் பிரதியெடுத்து, அப்பிரதியைத் திறந்து பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குகிறோம்.

நினைவகம் நிறையும்போது உதவ, வன்வட்டில் 2 கிகாபைட் அளவு 'ஸ்வாப்' இடம் ஒதுக்குவது நலம். களஞ்சியம் நிறைந்தபின் மூட்டைகளைத் திண்ணையில் அடுக்குவதை இது ஒக்கும். அடிக்கடி எடுத்து வைக்க நேர்ந்தால் வேலை ஓடாது. ஆகவே உலாவியில் ஓரிரு பக்கங்களுக்கு மேல் திறவாதிருத்தல் வேண்டும். கடிதம் எழுத அபிவேர்டும், கணக்குக்கு ஜினியூமெரிக்கும் போதும். தமிழ்99 விசைமுறையை ஐபஸ் வாயிலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கணினிகளில் காசளவேயான சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்திருப்பதும் உண்டு. அப்பொழுது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி ஏற்க மறுக்கும். லினக்ஸின்மேல் பழி சுமத்துமுன் அம்மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். பழுதான வேறொரு கணினியில் அதே வகை நினைவகப் பலகை இருப்பின், அதைக் கழற்றி இதிற் பொருத்தலாம்.

இத்தனை செய்தும், திரைப்படம் பார்க்க எண்ணி வரும் இளைஞர் ஏமாற்றமடைவர். அதனை முதல் நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறோம்.