திரையிற் செல்லும் உரை

ஒளிப்படக் கருவியின் முன் நிற்பவர் தாளை நோக்காது பேச உதவுவது டெலிபுரொம்டர். 1950ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகமொன்றில் அது முதன்முதல் வழங்கியபோது, உரை காகிதச் சுருளில் எழுதப்பெற்று மோட்டாரினாற் சுழன்றது. கணினி அப்பணியை ஏற்றது 1982இல். ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதும் அவ்வாண்டே.

குருவிட்டத் தோட்டப்புற மாணவர் செய்தி வாசித்துப் பழக, இரு கணினிகளும் அவற்றை இணைக்க ஒரு ரவுட்டரும் போதும். ஒன்றில் உரையை எழுதித் திருத்துவோம். மற்றதன் திரை, 45 பாகை சரிந்த கண்ணாடியின்கீழ்க் கிடக்கும். அதில் எழுத்துக்களை இடவலம் மாற்றிக் காட்டல் வேண்டும். பகிர்வுக் கோப்புறையில் உரை ஒன்றே இருத்தல் நன்று. வாசிக்குங் கணினிக்குப் பார்க்கும் உரிமை மட்டும் அளிப்போம். பிரதிகள் இரண்டாயின், திருத்தாத உரை அரங்கேறிவிடும்!

கம்பியினும் எழுத்தே பெரிய இடர். நம்மவர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி என ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். வாசிப்பவர் சபைமுன் வாயடைத்து நிற்பார். 1991இல் வெளிவந்த யுனிக்கோட் தமிழெழுத்துக்களுக்குத் தனியிடம் அளித்தது. ஆகவே பழைய உரைகளை யுனிக்கோட்டுக்கு மாற்றி, வரிவரியாக ஒப்புநோக்கிய பின்னரே பகிர்வோம். மாற்றும் மென்பொருளை முற்றும் நம்புதல் தகாது.

சித்திரை மாதப் பிற்பகல்களில் இப்பகுதியில் இடிமின்னல் மிகுதி. வானம் இருண்டவுடன் மின்கம்பியையும் வலைக்கம்பியையும் கழற்றிவிடுவோம். அந்நேரத்துக்காக, வாசிப்பவர் கையில் அச்சுப் பிரதியொன்றும் இருக்கட்டும்.