பூமுகத்தில் தொடங்குங்கள்

குமரி மாவட்டத்துக் கொட்டாரத்துக்காரர் வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் கன்னியாகுமரி, சுசீந்திரம், வட்டக்கோட்டை என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். வந்தவருக்குக் கலையில் கொஞ்சம் ருசி உண்டென்று தெரிந்தால் நான் அந்தப் பட்டியலைத் தொடுவதில்லை. ஒரு நாள் பத்மநாபபுரம், இன்னொரு நாள் திருவனந்தபுரம். சீன வியாபாரியும் வெள்ளைக்காரனும் கொண்டுவந்ததை நம் பக்கத்து ஆசாரிகளும் ஓவியர்களும் எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க இந்த இரண்டு ஊரும் போதும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் பத்மநாபபுரம். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை ஆட்சி நடந்த இடம் இது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் பஸ் மாறித் தக்கலையில் இறங்கினால் பக்கம்தான். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் கூட்டம் கன்னியாகுமரியோடு நிற்பதில்லை. அந்த இரண்டு மாதமும் நின்று பார்க்க இடம் கிடைக்காது.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்ததும் வருவது பூமுகம். பெரும்பாலானவர்கள் நேரே மாடிப்படிக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். தலையை நிமிர்த்தினால் மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பார்கள். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் ஆகும். பழகிய பிறகுதான் இதழின் மடிப்பும், உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதும் தெரியும். அதே அறையில் சீன வியாபாரிகள் காணிக்கையாகக் கொடுத்த நாற்காலி இருக்கிறது. கூரையையும் நாற்காலியையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டு தேசத்துத் தச்சர்கள் மரத்தை நடத்திய விதம் பத்தடிக்குள் கிடைக்கிறது. பெரிய சீனப் பரணி ஜாடிகளையும் விட்டுவிட வேண்டாம். ஊறுகாய் போடத்தான் அவை பயன்பட்டன. கலைப்பொருள் என்று கண்ணாடிக்குள் வைக்காமல் அடுக்களைக்குள் வைத்துப் புழங்கிய குணம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சரிந்து இறங்கும் கூரை, முகப்பில் செதுக்கிய மரம் எதைக் கண்டாலும் "சீனப் பாணி" என்று சொல்லிவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு. ஆனி, ஆடி மழையையும் பிறகு ஐப்பசி மழையையும் அனுபவித்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்ட மாட்டார்கள். இங்கே கூரை சாய்ந்திருப்பதற்கு மழையே போதுமான காரணம். பொருளாக வந்து சேர்ந்தது ஒன்று, உருவத்தில் ஒத்திருப்பது வேறொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் யார் என்ன விளக்கம் சொன்னாலும் குழப்பம் வராது.

அடுத்து ரயிலேறித் திருவனந்தபுரம். அங்கே நேப்பியர் மியூசியம். சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரில், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த கட்டடம். சென்னையில் செனட் மண்டபம் கட்டியவரும் இவரே. உள்ளே போகும் அவசரம் வேண்டாம். ஒரு முறை வெளியே சுற்றி வாருங்கள். பத்மநாபபுரத்தில் பார்த்த அந்த மர முகப்பு, இங்கே செங்கல் சுவருக்கும் வண்ணக் கோலத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். முதலில் அரண்மனையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அதைப் பார்க்காதவர்களுக்கு இது வேடிக்கையான ஒரு வெள்ளைக்காரக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே சுவர்களில் வண்ணப் பட்டைகள் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். செப்புத் திருமேனிகளுக்குப் பின்னால் அமைதியான சுவர் இருந்திருக்கலாம்.

அதே வளாகத்தில் 1935-இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம். அதை அமைப்பதில் முன்னின்றவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர். ரவி வர்மாவோடு சீனம், ஜப்பான், திபெத் ஓவியங்களும் இங்கே இடம்பெற்றன. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் எதுவும் மனதில் தங்காது. நான் ரவி வர்மாவுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன். அவர் எண்ணெய் வண்ணம் கற்ற கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். வெள்ளைக்காரப் பாணி என்று நாம் சொல்வதற்குள் இரண்டு தமிழர்கள் இப்படி நிற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் புடவையின் ஜரிகையில் விழும் வெளிச்சம் வேறு மாதிரித் தெரியும்.

சீன ஓவியங்களுக்கு முன்னாலும் அவசரம் கூடாது. ரவி வர்மா இடம் விடாமல் நிரப்புகிறார். சீன ஓவியர்கள் பாதித் தாளைச் சும்மா விடுகிறார்கள். அந்தச் சும்மா விட்ட இடத்தையும் பாருங்கள்.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அரண்மனை, மியூசியம் இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை. மியூசியம் புதன்கிழமை முற்பகலிலும் திறப்பதில்லை.