வேகம் ஒளியின் சொத்தல்ல

அன்புள்ள தம்பிக்கு,

சிறப்புச் சார்பியல் பாடம் இந்த ஆண்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. சூத்திரங்களுக்குள் இறங்குமுன், பிள்ளைகள் மனதில் ஊறிப்போன கூட்டல் கணக்கை அசைத்துப் பாருங்கள்.

ஓடும் ரயிலில் முன்னோக்கி எறிந்த பந்துக்கு ரயிலின் வேகமும் சேருகிறது. ஒளிக்கும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். அதட்ட வேண்டாம். 1964இல் செர்ன் ஆய்வகத்தில் நடந்த சோதனையைச் சொல்லுங்கள். ஒளிவேகத்தில் 99.975 சதவீதத்தில் பறந்த நடுநிலைப் பையான்கள் சிதைந்து, முன்னோக்கிக் காமாக் கதிர்களை உமிழ்ந்தன. வெறுமனே கூட்டினால் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகம் வர வேண்டும். அளந்தால் வழக்கமான ஒளிவேகம்தான்: விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்.

"அதெப்படி சார்?" என்று ஒரு குரலாவது எழும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது. யாருடைய அளவுகோல், யாருடைய கடிகாரம் என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் மியூவானை அழைத்து வாருங்கள். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் இத்துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதற்குள் ஒளிவேகத்தில் போனாலும் 660 மீட்டரைத்தான் கடக்கலாம். ஆனாலும் ஏராளமானவை தரைக்கு வந்துசேருகின்றன. நம் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. அதன் கணக்கில் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது, காற்றுமண்டலம்தான் ஒடுங்கிவிடுகிறது. ஒளிவேகத்தில் 99.8 சதவீதம் என்று வைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். தரைக்கு வந்துசேரும் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே வரும். எல்லோருக்கும் ஒளிவேகம் ஒன்றாக இருக்க வேண்டுமானால் தூரமும் நேரமும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். 1905இல் ஐன்ஸ்டைன் துணிந்தது இதற்குத்தான்.

இத்தோடு நிறுத்தினால், ஒளிக்கு ஏதோ தனிச் சலுகை என்ற எண்ணம் தங்கிவிடும். 2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணித்து, 1.7 விநாடி இடைவெளியில் பூமிக்கு வந்தன. ஈர்ப்பலை ஒளியல்ல, வேகம் மட்டும் அதேதான். அது காலவெளிக்கே உரிய வேகம். நிறையற்ற எதுவும் அந்த வேகத்தில்தான் போகும். ஒளி அவற்றுள் ஒன்று, நாம் முதலில் அளந்தது என்பதால் பெயர் அதற்குப் போய்விட்டது.

தேர்வில் சூத்திரம் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "ஒளியே இல்லாத பிரபஞ்சத்தில் இந்த உச்சவேகம் இருக்குமா?" இருக்கும் என்று காரணத்தோடு எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக ஆசிரியர்